டயர் எண்ணெய்: எரிப்பதா, மணமாக்குவதா?

பழைய டயரைக் காற்றுப் படாமல் சூடாக்கினால், கந்தக நெடியோடு கறுப்பாக ஓர் எண்ணெய் கிடைக்கும். அதை உலையில் எரிப்பது சுலபம். வெப்பம் கிடைக்கும், கூடவே சல்பர் டையாக்சைடும் வரும். அவ்வளவுதான்.

இன்னொரு வழிதான் என் மனதுக்குப் பிடித்தது. இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் அது அறுபடும்போது, இரண்டு கண்ணிகள் சேர்ந்து லிமோனீன் ஆகும். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் விரலில் தெறிக்குமே, அதே பொருள்! சூடு மிஞ்சினால் அதுவும் சிதைந்துவிடும்.

அமில வினையூக்கியில் லிமோனீனோடு தண்ணீரைச் சேர்த்தால் லைலாக் பூ மணமுள்ள டெர்பினியால். பல்லேடியம் என்ற உலோக வினையூக்கியில் லிமோனீனின் ஹைட்ரஜனைக் கழற்றினால் பாரா-சைமீன். செயற்கைக் கஸ்தூரி மணத்துக்கு அது மூலப்பொருள்.

என் ஓட்டு பாரா-சைமீனுக்குத்தான். டயர் லிமோனீனில், கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றுக்கொன்று எதிரான இடக்கை, வலக்கை மூலக்கூறு வடிவங்கள் இரண்டும் கலந்திருக்கும். லிமோனீனிலிருந்து கார்வோன் என்ற மணப்பொருளைச் செய்யப் போனால் இந்தக் கலப்பு தொல்லை, ஏனென்றால் கார்வோனில் இடக்கை வடிவம் வலக்கையாக மாறினால் மணமே மாறிவிடும். பாரா-சைமீனில் அந்த வேறுபாடே கிடையாது.

சரி, சிக்கல் எங்கே? கந்தகம் பல்லேடியத்தைச் செயலிழக்க வைக்கும். லிமோனீன் கொதிப்பது 176 டிகிரியில். அதையொட்டியே கொதிக்கும் வேறு பொருட்களும் எண்ணெயில் உண்டு. ஒருமுறை காய்ச்சி வடித்தால் போதாது. அப்புறம், இயற்கை ரப்பர் அதிகமுள்ள லாரி டயர்களைத் தனியே பிரித்துப் போட வேண்டும். லிமோனீனை எடுத்தபின் மிஞ்சும் எண்ணெயை, கந்தகத்தைக் குறைத்துவிட்டு, தாராளமாக எரிக்கலாம்.