கையெழுத்துப் போடும் நிர்வாகமா, காது கொடுக்கும் நிர்வாகமா?

பள்ளியில் துணை முதல்வர் பொறுப்பு ஏற்ற முதல் வாரமே என் மேசையில் ஆசிரியர்களின் 34 பாடக்குறிப்பேடுகள் வந்து குவிந்தன. வாரா வாரம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் திங்கள் காலை திருப்பித் தர வேண்டும். நான்கு வருடம் போட்டேன். ஐந்தாம் வருடம் நிறுத்திவிட்டு, ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசும் வழிக்கு மாறினேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில்தான் இந்த ஒப்பீடு. நிறுத்தியதுதான் சரி என்பது என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போடும் கண்காணிப்பு வழியை ஆசிரியர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வருகைப் பதிவேடு, வராந்தாவில் ரவுண்ட்ஸ், தாமதமானால் மெமோ. பாடங்கள் குறித்த தேதியில் முடியும், பெற்றோருக்கும் ஒழுங்காகத் தெரியும். அது பொய்யும் இல்லை. எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு ஒரு வரிக்கு மேல் தேவையில்லை, நன்றாகச் செய்பவரும் செய்யாதவரும் ஒன்றே என்று ஆக்கிவிடுவது அது.

ஊக்கத்தொகை கொடுத்தால் ஈடுபாடு வருமே என்று நிர்வாகக் குழுக்களில் யாராவது ஒருவர் கேட்பார். நியூயார்க் நகரில் 2007 தொடங்கிச் சுமார் 200 பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார்கள்; மாணவர் மதிப்பெண்ணிலும் ஆசிரியர் நடத்தையிலும் முன்னேற்றம் தெரியவில்லை. அதே காலகட்டத்தில் ஆந்திரப் பிரதேசத்தின் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையில் மதிப்பெண் உயர்ந்தது. ஆக, பணம் எங்கும் பலிக்காது என்று சொல்ல முடியாது. பணத்தை வைத்து நான் எதுவும் செய்து பார்த்ததில்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

என்னை மாற்றியது ஒரு குறிப்பேடு. அறிவியல் ஆசிரியர் ஒருவருடையது. ஒளிவிலகல் பாடம்; நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என எல்லாம் கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தார். துணைக்கருவி என்ற இடத்தில் 'கண்ணாடிப் பட்டகம்', ஒளி வளைவதைக் காட்டும் கண்ணாடித் துண்டு. எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஒரே பட்டகம் அதற்கு முந்தின வருடமே உடைந்துபோயிருந்தது. சந்தேகப்பட்டுப் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி மட்டும்தான் வேறு. இரண்டிலும் என் கையெழுத்து இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அந்தக் குறிப்பை மாணவர்களுக்காக எழுதவில்லை, எனக்காக எழுதினார். நானும் படித்துப் பார்த்துப் போடவில்லை, போட வேண்டுமே என்று போட்டேன்.

இங்கேதான் 'ஈடுபாடு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் பணியிடப் பற்றுதலை மூன்றாக வகுத்தார்கள். பிடித்துப்போய் இருப்பது ஒன்று. விட்டுப்போனால் நஷ்டம் என்று இருப்பது இன்னொன்று. இருப்பதுதான் முறை என்ற கடமை உணர்வில் இருப்பது மூன்றாவது. ராஜினாமாக் கடிதங்களை மட்டும் எண்ணினால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. என் கையெழுத்து வருடங்களிலும் அதிகம் பேர் விலகவில்லை. அதையே சாதனையாக எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்தார்கள், சரி. எப்படி இருந்தார்கள் என்பதைப் பட்டகம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் இரண்டு வழிகளையும் பிரிப்பது இந்த ஒரே இடம்தான்: வகுப்பு சரியாகப் போகவில்லை என்றால் ஆசிரியர் அதை நிர்வாகத்திடம் வந்து சொல்வாரா? கண்காணிப்பில் சொல்ல மாட்டார். சொன்னால் அது அவர் கோப்பில் ஏறும். மாறிய வருடம், பாதி ஆண்டு கழிந்திருக்கும், அதே ஆசிரியர் என் அறைக்கு வந்தார். "சார், எட்டாம் வகுப்புல ஒளிவிலகல் ஒட்டவே இல்ல. தண்ணி டம்ளர்ல பென்சில் போட்டுக் காட்டினேன். ஏன் வளையுதுன்னு ஒரு பையன் கேட்டான், திணறிட்டேன். இன்னொரு பீரியட் கிடைக்குமா?" என்றார். நான்கு வருடத்தில் எந்தக் குறிப்பேட்டிலும் 'திணறிட்டேன்' என்று ஒரு வார்த்தை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் ஆசிரியர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று ஆராய்ந்த ரிச்சர்ட் இங்கர்சால் 2001இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஓய்வுபெற்றுப் போகிறவர்களைவிட அதிருப்தியில் போகிறவர்களின் பங்கு பெரிது. சம்பளத்தோடு, நிர்வாகம் துணை நிற்காததும் முடிவுகளில் தங்களுக்குக் குரல் இல்லாததும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

அதற்காகக் காது கொடுக்கும் வழி சும்மா கிடைக்கிறது என்று நினைக்க வேண்டாம். குறிப்பேடு ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு வாரத்துக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஒருவரோடு 20 நிமிடம் வீதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 34 பேரோடும் உட்கார்ந்தால் 11 மணி நேரத்துக்கு மேல் போகிறது. முதல் பருவத்தில் அடிக்கடி மூச்சு முட்டியது. ஆனால் கண்காணிப்புக்கும் மறைவான செலவு ஒன்று உண்டு, நாம் நகர்ந்தால் வேலை நின்றுவிடும். உளவியலாளர் கர்ட் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 1939இல் வெளியிட்ட சிறுவர் குழு ஆய்வில், அதட்டி வேலை வாங்கிய தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவில் பெரிதாகச் சரியவில்லை. அவர்கள் பத்து வயதுப் பையன்கள். ஆனாலும் நான் விடுப்பில் போன நாட்களின் ஸ்டாஃப் ரூமை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த வழியில் நான் சறுக்கிய இடமும் உண்டு. தேர்வுப் பணி அட்டவணை மேலிடத்தில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தெரிந்துகொண்டே 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்டு வைத்தேன். ஒரே நாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று மாதம் நான் எதைக் கேட்டாலும், "நீங்க சொன்னா சரி சார்" என்பதுதான் பதில். கேட்பதுபோல் நடிப்பதற்குப் பழைய மெமோவே எவ்வளவோ தேவலை.

புது ஆசிரியர்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. முதல் வருட ஆசிரியை ஒருவர், குறிப்பேடு எழுதியதால்தான் வகுப்பில் தடுமாறாமல் நின்றேன் என்றார். அதனால் முதல் வருடத்தினருக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன், ஆனால் கையெழுத்து இல்லை. பேசும்போது இருவருக்கும் நடுவில் விரித்து வைத்துக்கொள்கிறோம். நூறு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் ஒருவரே இப்படி உட்கார முடியாது, பாடத்துறைத் தலைவர்கள்தான் உட்கார வேண்டும். அவ்வளவு பெரிய பள்ளியை நான் நடத்தியதில்லை. எங்கள் பள்ளியிலேயே அடுத்த வருடம் பாதிப் பேரைத் துறைத் தலைவர்களிடம் விட்டுப் பார்க்கப் போகிறேன்.

கண்ணாடிப் பட்டகம் வாங்கியாகிவிட்டது. அந்த அறிவியல் ஆசிரியர் கேட்டு மூன்றாவது வாரம்.