ரெண்டரின் நடுவே அணையும் கணினியும் ஓசிசிடி மென்பொருளும்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (காட்சியைப் படமாக உருவாக்கும் வேலை) ஓடும்போது நீலத்திரையோ எச்சரிக்கையோ இன்றிக் கணினி சட்டென்று அணைந்தால், பலரும் முதலில் கிராபிக்ஸ் கார்டையே சந்தேகிக்கிறார்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பதிவாகும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பு, கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. விலை மிகுந்த கார்டை மாற்றும் முன், கோளாறு வெப்பத்தாலா மின்சாரத்தாலா என்று பிரித்தறிய கணினிக்குச் சுமையேற்றிச் சோதிக்கும் ஓசிசிடி மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது அவசியம் என்பேன்.

இதில் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. பவர் சோதனை இரண்டையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் இயக்குகிறது. என் கணினி தனிச் சோதனைகளைக் குறையின்றி முடித்துவிட்டு, பவர் சோதனையில் அணைந்தது. வெப்பநிலை அப்போது மிதமாகவே இருந்தது. கார்டு சூடேறினால் பொதுவாக முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று செயல்பட்டால் மின்சாரம் ஒரே கணத்தில் நின்றுவிடும்; பல எஸ்எம்பிஎஸ்களில் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் கணினி மீண்டும் உயிர்பெறும். என் கணினியிலும் அப்படியே நடந்ததால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பியது.

மொத்த வாட் கணக்கு சரியாக இருந்தும் இது நேரலாம். 320 வாட் என்று குறிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கக்கூடும். அந்தத் துள்ளலைச் சில பழைய எஸ்எம்பிஎஸ்கள் கோளாறாகக் கருதி அணைந்துவிடுகின்றன. 2022-இல் எஸ்எம்பிஎஸ்களுக்காக இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இத்தகைய துள்ளல்களைத் தாங்கும் திறனை வலியுறுத்தியது இதனால்தான். ஓசிசிடியின் 3டி அடாப்டிவ் சோதனையில் சுமையைச் சட்டென்று ஏற்றி இறக்கும் முறை இருப்பது இந்த வகையில் பெரிதும் பயன்படுகிறது. பிறகு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின் வரம்பைக் குறைத்துச் சோதித்தேன், கணினி அணையவில்லை. ஒரே கேபிளின் இரு முனைகளுக்குப் பதிலாகத் கார்டுக்குத் தனித்தனிக் கேபிள்களைக் கொடுத்தும் முழு வரம்பில் கோளாறு தொடர்ந்ததால், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினேன். அதே பவர் சோதனை முழுமையாக முடிந்தது.

ஓசிசிடியில் குறைகளும் உண்டு. மதர்போர்டு சென்சாரிலிருந்து இது காட்டும் 12 வோல்ட் அளவை மல்டிமீட்டர் போல நம்ப முடியாது. கணினி அணைந்தால் திரையிலிருந்த வரைபடமும் போய்விடும் என்பதால், சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவுக் கோப்பை ஓடவிடுவது நல்லது. பவர் சோதனை அன்றாட வேலையைவிடக் கடுமையானது. தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ் உள்ள கணினியில் அதை ஓட்டிவிட்டு அப்பால் போகவே கூடாது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம் என்பதால் வீட்டில் ரெண்டர் செய்வோருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; பழுது பார்க்கும் கடைகளுக்குக் கட்டணப் பதிப்பு இருக்கிறது, அதற்கான பணத்தை அவர்கள் தாராளமாகச் செலவிடலாம்.