8 ஜிபி லேப்டாப்பில் ஜாவா ஆப்: எமுலேட்டரா, கையில் ஒரு போனா?

8 ஜிபி ரேம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஜாவாவில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதக் கிளம்பும் சென்னை வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது எமுலேட்டரை, அதாவது ஆப்பை ஓட்டிப் பார்க்க லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் போலி போனை, மறப்பது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (கோட் எழுதும் மென்பொருள்), கிரேடில் (கோடை ஆப்பாகக் கட்டும் கருவி), எமுலேட்டர் மூன்றும் சேர்ந்து ஓடினால் ரேம் நிரம்பி மெஷின் திணறும். லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் எமுலேட்டர் கிளம்பவே கிளம்பாது. 16 ஜிபி ஆக்க வழியிருந்தால் சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தைப் போனில் போடுங்கள்.

எந்த போன்? விலையில் ரெட்மி கை கொடுக்கும், ஆனால் வேலையில் அதிகம் படுத்துவதும் அதுதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் செட்டிங்ஸ் பக்கத்தில் யூஎஸ்பி டீபக்கிங்கை (லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே ஆப்பை ஓட்டிச் சோதிக்கும் வசதி) ஆன் செய்தால் மட்டும் போதாது. அதற்குக் கீழே உள்ள 'இன்ஸ்டால் வயா யூஎஸ்பி'யையும் ஆன் செய்ய வேண்டும்; அதற்கு ஷாவ்மி அக்கவுண்ட் கேட்கும், சிம்மும் உள்ளே இருக்கச் சொல்லும். இதை விட்டால் ஸ்டுடியோவில் 'இன்ஸ்டால் ஃபெயில்ட் யூசர் ரெஸ்ட்ரிக்டட்' என்று வரும். பாவம், புதிதாக வருகிறவர்கள் தங்கள் கோடில்தான் தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். கோடில் ஒரு தப்பும் இருக்காது.

சாம்சங்கில் இந்தத் தொல்லை இல்லை. பில்ட் நம்பர் 'அபவுட் போன்' உள்ளே 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் இருக்கும். ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். விண்டோஸில் சாம்சங் யூஎஸ்பி டிரைவர் போடுங்கள். புதிய மாடல்களில் யூஎஸ்பி டீபக்கிங் மங்கலாகத் தெரிந்து ஆன் ஆகாவிட்டால், செக்யூரிட்டி பக்கம் போய் ஆட்டோ பிளாக்கர் என்ற பாதுகாப்பு வசதியை அணையுங்கள்.

பிக்சலில் இடைஞ்சல் மிகக் குறைவு. புதிது விலை அதிகம் என்பதால் பலர் பழையதைத் தேடி பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் போவார்கள். 6ஏ என்றால் கவனம்: 2025 ஜூலையில் வந்த அப்டேட், 400 சார்ஜ் சைக்கிள் (முழு சார்ஜ் தீர்ந்து ஏறும் ஒரு சுற்று) தாண்டிய சில 6ஏ போன்களில் பேட்டரிக் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் குறைக்கிறது. நாள் முழுக்க கேபிளிலேயே கிடக்கப்போகும் போனுக்கு இது சின்ன விஷயமில்லை.

பழைய போன் எதுவானாலும் காசு கொடுக்கும் முன் *#06# அடித்து ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை எடுங்கள். கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பிளாக் ஆன போனா என்று தெரியும். பழைய ஆளின் கூகுள் அக்கவுண்ட் நீக்கியாயிற்றா பாருங்கள். அடுத்தது சார்ஜிங் போர்ட். டேட்டா பின் போன போர்ட்டிலும் சார்ஜ் ஏறும், லேப்டாப்புக்கு மட்டும் போன் தெரியாது. டேட்டா போகும் கேபிளோடு லேப்டாப்பையும் கொண்டுபோய்ச் செருகி, ஃபைல் டிரான்ஸ்ஃபரில் போன் திறக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் வயர்லெஸ் டீபக்கிங் உண்டு; போர்ட் பிறகு போனாலும் சமாளிக்கலாம்.

கோட் எழுதும் கருவியில் ஸ்டுடியோவா, விஎஸ் கோடா? விஎஸ் கோட் ரேமை மிச்சப்படுத்தும். ஆனால் திரை எப்படித் தெரியும் என்று காட்டும் லேஅவுட் பிரிவியூ கிடையாது. எஸ்டிகேயை (ஆப் கட்டத் தேவையான ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு) நாமே இறக்கி அமைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8க்கு ஜேடிகே 17 (ஜாவா கருவித் தொகுப்பு) வேண்டும். சிஸ்டத்தில் பழைய ஜாவா 8 இருந்தால் பில்ட் அங்கேயே நிற்கும். ஸ்டுடியோ தன் ஜேடிகேயைக் கூடவே கொண்டுவருகிறது. எமுலேட்டர் இல்லாத ஸ்டுடியோவை 8 ஜிபி தாங்கும், ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே சரி. புது பிராஜெக்டில் 'எம்ப்டி ஆக்டிவிட்டி'யைத் தொடாதீர்கள், அது கோட்லின் என்ற வேறு மொழிக்கு மட்டும். 'எம்ப்டி வியூஸ் ஆக்டிவிட்டி' எடுத்து லாங்குவேஜில் ஜாவா வையுங்கள்.

எழுதிப் பழக சாம்சங் போதும், நல்ல பிக்சல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆப்பில் அலாரமோ பின்னணி வேலையோ இருந்தால், பிளே ஸ்டோரில் ஏற்றும் முன் நண்பரின் ரெட்மியை ஒரு ராத்திரி கடன் வாங்குங்கள். அதில் ஆட்டோஸ்டார்ட் (ஆப் தானாகக் கிளம்புவதற்கான அனுமதி) அணைந்திருந்தால் நோட்டிஃபிகேஷன் நேரத்துக்கு வராது; அந்த அனுமதியை ஆன் செய்யச் சொல்லும் ஒரு திரையை ஆப்பிலேயே வையுங்கள்.