மாறிக்கொண்டே இருக்கும் ஒரு விளையாட்டில் நீடித்திருப்பது: ரூன்ஸ்கேப் அனுபவம்

2001-இல் தொடங்கி இன்றும் இயங்கிவரும், பலர் ஒரே கற்பனை உலகில் கூடி ஆடும் ரூன்ஸ்கேப்பை நான் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். இவ்வளவு நீண்ட ஆயுள் கொண்ட இணைய விளையாட்டைப் பற்றி எழுதும்போது வரைகலை, ஒலி என்று மதிப்பெண் போடுவதில் பெரிய பயன் இல்லை. அது எத்தனை முறை மாறியது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நமக்கான இன்பம் அதில் மிஞ்சியதா என்பதே சொல்லத்தக்க செய்தி.

2012 நவம்பரில் சண்டை முறை அடியோடு மாற்றப்பட்டது. அதுவரை எதிரியின் மீது ஒருமுறை கிளிக் செய்தால் போதும். நம் பாத்திரம் தானாகவே வாளை வீசும். உயிர் குறையும்போது உணவு கொடுப்பதைத் தவிர நமக்குப் பெரிய வேலை இருக்காது என்பதால், அந்த நேரமெல்லாம் அரட்டைக்குப் போகும். புதிய முறையிலோ ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொத்தான், ஒவ்வொரு பொத்தானுக்கும் காத்திருப்பு நேரம் என்று கண்ணும் கையும் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த முறையை விரும்பிக் கற்றுத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதன் நுட்பத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் நான் தேடி வந்தது சண்டைக்கு நடுவே கிடைத்த அந்த ஓய்வான பேச்சைத்தான் என்பது, அது கைவிட்டுப் போன பிறகே எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

2013 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 4,50,000 வாக்குகள் பதிவாக, 2007 ஆகஸ்ட் மாத நிலையில் சேமிக்கப்பட்டிருந்த பழைய பிரதி 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற பெயரில் தனி விளையாட்டாகத் திறக்கப்பட்டது. பழையது வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஆட்டக்காரர்களே அடுத்தடுத்த வாக்கெடுப்புகளில் புதிய நிலப்பரப்புகளுக்கும் புதிய எதிரிகளுக்கும் ஒப்புதல் அளித்தார்கள். முக்கியமான சேர்க்கைக்கு 75 விழுக்காட்டு ஆதரவு வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2022-இல் அது 70 ஆனது. மாற்றமே வேண்டாம் என்பவர்கள் எங்கும் சிலரே. தம்மைக் கேட்காமல் மாற்றுவதுதான் பெரும்பாலோருக்கு உறுத்துகிறது என்பது என் கணிப்பு.

2015-இல் ஓல்ட் ஸ்கூலுக்குக் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வந்தது. அதற்கு முன் வங்கி வாசலில் நின்று, விலையைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து, பேரம் பேசி விற்க வேண்டும். சந்தை வந்தபின் பொருளைப் பட்டியலில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். வசதி மிகப் பெரிது. ஆயினும் எல்லாப் பொருளுக்கும் விலை தெரிந்துவிட்ட உலகில், 'மணிக்கு எவ்வளவு பொற்காசு' என்ற கணக்கே எல்லோர் பேச்சிலும் முன்னே வந்து நின்றது.

அந்தக் கணக்கிலிருந்து விலகி ஆட எனக்கு வழிவிட்டது 2014-இல் அறிமுகமான அயன்மேன் முறை. இதில் பிறரோடு வணிகம் செய்யவோ சந்தையைப் பயன்படுத்தவோ முடியாது; வேண்டியதை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். சண்டையில் காப்பளிக்கும் பிரார்த்தனைகளுக்குச் செலவாகும் புள்ளிகளை மீட்கும் மருந்தையே எடுத்துக்கொள்வோம். பிறர் அதைச் சந்தையில் நொடியில் வாங்கிவிடுவார்கள். அயன்மேனோ திறமையான உழவர் ஒருவரிடம் பிக்பாக்கெட் அடித்து ரனார் என்ற மூலிகையின் விதையைப் பெற வேண்டும். அதை விதைக்க வேளாண்மையில் 32-ஆம் லெவல் தேவை. முளைத்து விளைய 80 நிமிடம் ஆகும். அறுவடை செய்த மூலிகையைச் சுத்தம் செய்து, ஸ்னேப் புல்லைத் தேடிச் சேர்த்து, மருந்தியலில் 38-ஆம் லெவலை எட்டிய பிறகே மருந்தைக் கலக்க முடியும். இவ்வளவு அலைந்து செய்த ஒரு குப்பியைச் சண்டையில் எப்போது குடிப்பது என்று யோசிப்பதில் இருக்கும் சுவை, வாங்கிய குப்பியில் எனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் என் ஆட்டம் குலைவதில்லை.

ஒரு திறனில் உச்சமான 99-ஆம் லெவலுக்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-ஐத் தொட்டால்தான் பாதி வழி. அந்த நீண்ட ஏற்றத்திலேயே மகிழ்பவர்கள் உண்டு. விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஆட்டக்காரர்களைச் சாதிப்போர், துழாவுவோர், பழகுவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர் என நான்காகப் பகுத்தார். ஒரே ஆள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதை என் குழுவினரிடம் நேரிலேயே கண்டிருக்கிறேன். எனவே ஒரு மாற்றம் பிடிக்கவில்லை என்றால், விலகும் முன் வேறொரு முறையில் சில நாள் ஆடிப் பார்க்குமாறு புதியவர்களிடம் மனமாரச் சொல்கிறேன்.

2023-இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சைலிங் என்னும் கடற்பயணத் திறன், 2025 நவம்பரில் 24-ஆம் திறனாகச் சேர்ந்தது. நண்பர்கள் அதன் வேகமான வழிகளை ஆராய்கிறார்கள். நான் இதுவரை கால்வைக்காத தீவுகளைப் பார்ப்பதற்காகவே கப்பலை எடுக்கிறேன். அதில் லெவல் மெல்லத்தான் ஏறுகிறது, எனக்கு அவசரமும் இல்லை.