பாரத் கிருஹ ரக்ஷாவா, பேக்கேஜா? பெங்களூர் வீட்டுக்கு எந்த இன்ஷூரன்ஸ்

பெங்களூரில் வீட்டு இன்ஷூரன்ஸ் பேச்சு மழையோடுதான் வரும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு. 2024 அக்டோபரில் எலகங்கா கேந்திரிய விஹார். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட். தண்ணீர் வடிந்த வாரமே ஏஜென்ட்டுகள் போன் செய்வார்கள். கையில் வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனியிலும் ஒரே வாசகத்தில் நடைமுறைக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’. இதில் நகைக்குத் தானாகக் காப்பீடு இல்லை, பேங்க் லாக்கரில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்றொன்று, திருட்டு, நகை, டிவி எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் கட்டித் தரும் ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ். எங்கள் வீட்டுக்கு எடுத்தது முதலாவது. சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகுவது: இவையெல்லாம் இரண்டிலும் உண்டு. பேக்கேஜின் தீ, வெள்ளப் பகுதியும் பெரும்பாலும் கிருஹ ரக்ஷா வாசகமேதான். ஆகவே கூடுதல் பிரீமியம் போவது திருட்டு, நகை, டிவி பகுதிகளுக்கு. கிருஹ ரக்ஷாவில் தனித் திருட்டுக்குக் காப்பீடு கிடையாது. வெள்ளம், தீ போன்ற விபத்து நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருடு போனால் மட்டும் உண்டு. “இன்ஷூரன்ஸ்தான் இருக்கே” என்று இதைத் தெரியாமல் இருப்பவர்களே அதிகம்.

அப்படியிருந்தும் கிருஹ ரக்ஷாவை முன்னால் வைப்பதற்கு ஒரே காரணம், குறைமதிப்பு: அதாவது பொருளின் உண்மை மதிப்பைவிடக் குறைந்த தொகைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பது. ஹொரமாவில் 1,000 சதுர அடி ஃபிளாட், திரும்பக் கட்டும் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வையுங்கள். கட்டடத்துக்கான தொகை 25 லட்சம். சந்தை விலை ஒரு கோடியாக இருக்கட்டும், நிலத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. கட்டடத்தை எடுத்தால் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். இங்கே 5 லட்சம். சாமான்களின் உண்மை மதிப்பு 8 லட்சம், வெள்ளத்தில் போனது 2 லட்சம் என்றால் கிருஹ ரக்ஷாவில் 2 லட்சம் முழுவதற்கும் கிளைம் நிற்கும். குறைவாக எடுத்ததற்குத் தண்டனை இல்லை.

இதே கணக்கைப் பேக்கேஜின் திருட்டுப் பகுதியில் போடுங்கள். அங்கே ‘ஆவரேஜ்’ (குறைவாக எடுத்த விகிதத்தில் கிளைமையும் வெட்டுவது) என்ற ஷரத்து இருந்தால் 8-இல் 5 பங்குதான் கைக்கு வரும்: 2 லட்சத்துக்கு 1,25,000. எல்லாக் கம்பெனியிலும் இந்த ஷரத்து ஒரே மாதிரி இருக்காது. பாலிசியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பீரோவில் உள்ள பட்டுப்புடவைகளை யார்தான் சரியாக மதிப்புப் போட்டு வைத்திருக்கிறோம்?

திருட்டுப் பகுதியில் இன்னொரு முள்: பூட்டையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும். பாலிசி வாசகம் பலப்பிரயோகம் கேட்டால் அது இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. சாவி வைத்திருக்கும் வேலையாள் எடுத்துக்கொண்டு போனால், அதற்கென்று தனி இணைப்பு (ஆட்-ஆன்) வாங்கியிருந்தால்தான் பணம். கோடை விடுமுறைக்குக் குடும்பமே ஊருக்குப் போகும் வீடுகள், எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம் என்ற வரம்பையும் பார்க்க வேண்டும்.

திருட்டு நடந்தால் போலீஸ் ஆப்பில் ‘இ-லாஸ்ட்’ (பொருள் தொலைந்ததற்கான) பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்டு, இலவச நகலை வாங்குங்கள். நகைகளை ஒவ்வொன்றாக, கிராம் கணக்கோடு முதல் புகாரிலேயே எழுத வேண்டும். “அப்புறம் ஞாபகம் வந்த” வளையலை சர்வேயர் (இழப்பை மதிப்பிட வருபவர்) நம்ப மாட்டார். பொருள் கிடைக்காவிட்டால் கர்நாடக போலீஸ் தருவது ‘சி ரிப்போர்ட்’, துப்புத் துலங்கவில்லை என்ற அறிக்கை. அதற்கு மாதக்கணக்காகும், கம்பெனியும் அதுவரை இழுக்கும்.

லாக்கரும் கோட்டை அல்ல. 2022 ஜனவரி முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது எத்தனை பவுன் என்று வகுத்துப் பாருங்கள். வெள்ளம், நிலநடுக்கத்துக்குப் பொதுவாக வங்கி பொறுப்பில்லை. அதனால்தான் கிருஹ ரக்ஷாவோடு ‘விலைமதிப்புள்ள பொருட்கள்’ இணைப்பையும் சேர்ப்பது நல்லது. இதில் ஒப்புக்கொண்ட மதிப்புதான் கணக்கு. மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு நகை 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் இன்று ஒரு லட்சத்துக்குள் நிற்கும் ஆரம் ஏது? நகை லாக்கரில் இருக்கும்போதும் காப்பீடு செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாலிசி 10 ஆண்டுக்குக் கிடைக்கும் என்றாலும் தங்கத்தின் மதிப்பை வருஷாவருஷம் திருத்துங்கள்.

வெள்ளக் கிளைமில் பணம் குறைவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். மெயினை அணைத்த பிறகு, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப் வைத்துப் படமெடுங்கள். நனைந்த ஃபிரிட்ஜை “ஓடுதா பார்ப்போம்” என்று போடாதீர்கள். ஷார்ட் சர்க்யூட்டில் அந்தச் சாதனத்துக்கே வரும் சேதம் விலக்குப் பட்டியலில் உள்ளது, வெள்ளக் கிளைமே அதில் சிக்கும். மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றும் முன் சர்வேயர் பார்க்கட்டும். தாமதமானால் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டு, சீரியல் நம்பரோடு படமெடுத்து வையுங்கள்.

குழாய் விவகாரத்தில் பிளம்பர் பில்லின் ஒரு சொல் போதும், கிளைமை எழுப்பவோ கவிழ்க்கவோ. குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டியதற்குக் காப்பீடு உண்டு. மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து மாதக்கணக்காகக் கசிந்த ஈரத்துக்கு இல்லை. உண்மையில் வெடித்திருந்தால் பில்லில் தேதியோடு அப்படியே எழுதச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் ‘லீக்கேஜ்’ என்று கிறுக்கிவிடுவார்கள்.

கம்பெனி மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ ஜே.பி. நகரில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.