வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர்: மூன்று வருடம் துடைத்த அனுபவம்

கருப்பு கார் ஒன்றின் பானெட்டுக்குக் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் வரும் பளபளப்புப் பூச்சு) அடித்துவிட்டு ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்கிறேன், கண்ணெதிரே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழுகிறது. ஃபிஷ் ஐ என்பார்கள், பிசுக்கு இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகிக்கொள்வது. அதுவரை எல்லாவற்றையும் தின்னர் தொட்டுத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளே, பெயிண்ட் அடிக்குமுன் மெழுகையும் பிசுக்கையும் துடைத்தெடுக்கும் இந்த ரிமூவர் ஒரு டின் வாங்கினேன். இந்த மூன்று வருடத்தில் அது இல்லாமல் ஒரு டோர்கூட அடித்ததில்லை.

நல்ல பொருள்தான். ஆனாலும் முதல் இரண்டு மாதம் குழி நிற்கவில்லை. தப்பு என் கையில் இருந்தது. ஒரே துணியால் துடைத்துவிட்டு, தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுவேன். ரிமூவர் மெழுகையும் எண்ணெயையும் கரைக்கும், அவ்வளவுதான். ஈரம் போவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்காவிட்டால், ஒரு மூலையில் இருந்த பிசுக்கு பானெட் முழுக்கப் பரவிப் படிந்துவிடும். இப்போது கைக்கு ஒரு துணி. பாதியை முடித்த பிறகுதான் மறுபாதி. வெயிலில் கொதிக்கும் தகரத்தில் இந்த வேலையே வேண்டாம், அடுத்த துணி போய்ச் சேருமுன் ஆவியாகிவிடும்.

தேய்ப்பதற்கு முன்பும் துடைக்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பழைய பாலிஷ் இருக்கும்போதே வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால், மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ரிமூவர், அப்புறம்தான் தேய்ப்பு. அடிப்பதற்கு முன் மறுபடி ஒருமுறை ரிமூவர். பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்ட இடத்தில் மட்டும் கொட்டாதீர்கள். அது உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு தொல்லை கொடுக்கும்.

நான் வாங்குவது சால்வென்ட் வகை, அதாவது தண்ணீர் கலக்காத கரைப்பான். வியர்வை உப்பு அதற்குச் சரியாக மசியாது, தண்ணீர்க் கழுவல்தான் வழி. எங்கள் பையன் தலை நிறையத் தேங்காய் எண்ணெயோடு வந்து, நெற்றியைத் துடைத்த கையாலேயே ஃபெண்டரைத் தடவிப் பார்ப்பான். திட்டிப் பயனில்லை என்று நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு போன மழைக்காலத்தில் திரும்பவும் குழி. ரிமூவரைத்தான் சந்தேகப்பட்டேன். வெள்ளைப் பேப்பரில் கம்ப்ரசர் காற்றைப் பிடித்துப் பார்த்தால் எண்ணெயும் தண்ணீருமாகத் திட்டு! டேங்கை அன்றாடம் வடிப்பதும், கன்னுக்கு முன்னால் ஃபில்டர் போடுவதும் அன்றிலிருந்துதான். டாஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரேயை ஷெட்டுக்குள் யாரும் எடுக்கக்கூடாது. அதிலுள்ள சிலிக்கோன் (பளபளப்புக்குச் சேர்க்கும் வழுக்குப் பொருள்) காற்றில் மிதந்து வந்து, துடைத்து வைத்த பேனலில் இறங்கிவிடும்.

குழி விழாமலிருக்க பெயிண்டிலேயே கலக்கும் சொட்டு ஒன்று விற்கிறார்கள். அதிலும் பெரும்பாலும் சிலிக்கோன்தான். ஒருமுறை கலந்தேன், அப்புறம் கன்னைக் கழுவி மாளவில்லை.

ரிமூவர் மேல் ஒரே குறை, டின் மூடி. ஒழுங்காக இறுகாமல் கால்வாசி காற்றில் போகிறது. பம்ப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்கிறேன்.