ஒழுகும் வால்வு: பேக்கிங் மாற்றலாமா, பால் வால்வு போடலாமா?

மணலியில் நாங்கள் பார்க்கும் யூனிட்டில், 2 அங்குல ஸ்டீம் லைனில் இருந்த கேட் வால்வு கிளாண்டில், அதாவது கைச்சக்கரத் தண்டான ஸ்பிண்டில் வெளியே வரும் வாயில், ஆவி புகைய ஆரம்பித்தது. பழைய வால்வுக்கே அந்த வாயை அடைக்கும் பேக்கிங் கயிற்றைப் புதிதாகப் போடலாம் என்று ஒரு பக்கம், அதைக் கழற்றிவிட்டு, துளையுள்ள உருண்டை திரும்பி மூடும் மூன்று துண்டு பால் வால்வு மாட்டலாம் என்று இன்னொரு பக்கம் பேச்சு. பேக்கிங்தான் போட்டோம். ஸ்டீமுக்கு இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அதற்கு முன்னால் கசிவு எங்கே என்று பார்த்துவிட வேண்டும். ஸ்பிண்டிலைச் சுற்றி வந்தால் கிளாண்ட். பாடியும் அதன் மேல்மூடியான பானட்டும் சேரும் இடத்தில் வந்தால் கேஸ்கெட். வெளியே சொட்டுகூட இல்லாமல், மூடிய பிறகும் அந்தப் பக்கக் குழாய் ஆறவே இல்லை என்றால் சீட், அதாவது உள்ளே அடைக்கும் முகம், பாஸ் ஆகிறது, உள்ளுக்குள்ளேயே கசிகிறது. அதற்குப் பேக்கிங் மாற்றிப் பயனில்லை. கொஞ்சம் திறந்து, ஓட்ட வேகத்தில் அழுக்கு அடித்துக்கொண்டு போகிறதா பார்க்கலாம். அப்புறமும் பாஸ் ஆனால் இறக்கி லேப்பிங்தான், அதாவது சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவதுதான்.

பால் வால்வின் நல்லதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. கால் திருப்பில் மூடும், கைப்பிடியைப் பார்த்தாலே நிலை தெரியும். கூலிங் வாட்டர், கம்ப்ரஸ்டு ஏர் லைன்களுக்கு நானும் அதைத்தான் போடச் சொல்வேன். ஸ்டீமில்தான் இடிக்கிறது. 10 பார் ஸ்டீம் என்றால் சுமார் 184 டிகிரி. சாதாரண டெஃப்லான் சீட், 200 டிகிரியை நெருங்க நெருங்க அழுத்தம் தாங்கும் திறனை இழந்துகொண்டே வரும். கார்பன் கலந்த சீட் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும்.

என் முடிவுக்குக் காரணம் சூடு மட்டும் இல்லை, உதிரி. பால் வால்வு சீட் அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். மாடல் நின்றுபோனால் 2 வளையங்களுக்காக முழு வால்வையும் வாங்க வேண்டும். ஸ்டீம் லைன் என்பதால் புது வால்வுக்கு ஐபிஆர் (இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள்) சான்று, அதாவது ஃபார்ம் 3-சி, கேட்டு வாங்க வேண்டும். கிராஃபைட் பேக்கிங்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது சதுரக் கயிறு. அளவு சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி வால்வுக்கும் போகும். பேக்கிங் உட்காரும் குழியான ஸ்டஃபிங் பாக்ஸின் உள் விட்டத்திலிருந்து ஸ்பிண்டில் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் அளவு வந்துவிடும். பாக்ஸ் 36 மி.மீ., ஸ்பிண்டில் 20 மி.மீ. என்றால் 8 மி.மீ. கயிறு. பாரிமுனைக்குப் போய் செம்புதாஸ் தெருவில் கேட்டால் எடை போட்டுக் கொடுப்பார்கள். லைன் நின்று கிடக்கும்போது இந்த வசதியின் மதிப்பு தெரியும்.

வேலையும் எளிது, ஆனால் அவசரப்படக் கூடாது. லைனை அடைத்து, பிரஷரை இறக்கி, டிரெயினைத் திறந்து உறுதி செய்த பிறகே கிளாண்ட் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். முழுக்கத் திறந்தால் ஸ்பிண்டில் மேலே போய் அடைக்கும் பேக் சீட் பிடித்துக்கொள்ளும், ஓட்டத்திலேயே மாற்றிவிடலாம் என்று சில ஃபிட்டர்கள் சொல்வார்கள். அந்தப் பேக் சீட் தேய்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது, அதை நம்பி யாரும் கை வைக்க வேண்டாம். பழைய பேக்கிங்கைக் கடைசி வளையம் வரை கொக்கியால் எடுக்க வேண்டும். புதிதை 45 டிகிரி சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையமாக அழுத்தி, வெட்டு வாய்கள் ஒரே நேரில் வராமல் திருப்பிப் போட வேண்டும். இரண்டு நட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால், பேக்கிங்கை அழுத்தும் ஃபாலோயர் சாய்ந்து ஸ்பிண்டிலைக் கீறும். சூடேறியதும் பேக்கிங் சற்று அமுங்கும், மறுபடி லேசாக ஒரு பிடி வேண்டும்.

திருவொற்றியூர், எண்ணூர் உப்புக் காற்றில் கிளாண்ட் போல்ட்தான் முதலில் துருப்பிடித்து இறுகும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் தீரும் என்று தோன்றும். ஆனால் உப்பும் 60 டிகிரிக்கு மேல் சூடும் சேர்ந்தால் 304, 316 என்ற ஸ்டெயின்லெஸ் வகைகள் இரண்டிலுமே விரிசல் வர வாய்ப்புண்டு. சூடான வால்வுக்கு பி7 என்ற அலாய் ஸ்டீல் போல்ட்டில், இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவிப் போடுகிறோம்.

4 அங்குலத்துக்கு மேல் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஆசிட் லைன்களில் வேலை செய்ததே இல்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். ஸ்பிண்டிலில் குழி விழுந்திருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. ஸ்பிண்டிலையோ வால்வையோ மாற்றித்தான் ஆக வேண்டும். வால்வையே மாற்றுவதென்றாலும் ஸ்டீமுக்கு நான் வாங்குவது கிராஃபைட் பேக்கிங் போட்ட கேட் அல்லது குளோப் வால்வுதான்.